பானு டெய்லரும் சிவப்பு மருந்தும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ராஜகிரி மலையில் எத்தனை படி என்று தெரியுமோ தெரியாதோ, பாதிப் படி ஏறுவதற்குள் சுடிதாரில் எந்த இடத்தில் தையல் விடும் என்பது மெஹர் பானுவுக்குத் தெரியும். சனி, ஞாயிறு மதியம் ஆனதும் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முகத்தில் அசடு வழிய, கல்லூரிப் பெண்கள் இரண்டு மூன்று பேராகக் கடைவீதிக்குள் வருவார்கள். எந்தக் கடைக்காரரும் அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பூக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே போகும் சந்தைக் கையால் காட்டிவிடுவார்கள். அந்தச் சந்தில் மூன்றாவது கதவு, பானு லேடீஸ் டெய்லர்.

"மலை ஏற வர்றவ இவ்ளோ டைட்டா போட்டுக்கினு வருவாளா?" என்று திரைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைத் திட்டிக்கொண்டே பானு மெஷினை ஓட்டுவாள். குரங்கு இழுத்துக் கிழித்த துப்பட்டா என்றால் மட்டும் திட்டு கிடையாது, விசாரணைதான். "கைல மிக்சர் பாக்கெட் வச்சிருந்தியா இல்லியா, உண்மைய சொல்லு" என்பாள். குரங்குக்கும் ஒரு நியாயம் இருக்குமல்லவா.

ஊரில் அவளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. இரண்டும் உண்மை. ஒன்று, பானு சொன்ன நாளில் துணி தரமாட்டாள். வியாழக்கிழமை என்றால் அது சனிக்கிழமை. இது தெரிந்த பெண்கள் கல்யாணத் தேதியை மூன்று நாள் முன்னதாகவே சொல்லி வைப்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்வது பானுவுக்கும் தெரியும். அந்த மூன்று நாளை மனதுக்குள் திரும்பக் கூட்டிக்கொள்வாள். ஆக இரண்டு தரப்பும் பொய் சொல்லி, கடைசியில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜாக்கெட் வீடு போய்ச் சேரும். ஜாக்கெட் இல்லாமல் செஞ்சியில் ஒரு கல்யாணமாவது நின்றிருக்கிறதா என்பது அவள் வாதம்.

இரண்டாவது பேச்சு, பானு வெட்டினால் துணி தப்பாது. அவள் வேலை செய்யும் விதம் அப்படி. வந்த துணியை அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டி, பெயர் எழுதிய சீட்டைக் குத்தி, அலமாரியில் வைப்பாள். வெட்டும்போது மேசையில் ஒருவருடைய துணி மட்டும்தான் விரிந்திருக்கும். முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி என்று எல்லாத் துண்டையும் வெட்டி, ஒன்றாகக் கட்டி ஓரமாக வைத்த பிறகுதான் அடுத்தவருடைய மூட்டையைப் பிரிப்பாள். மற்ற டெய்லர்கள் நாலு துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டி நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள். பானு செய்யமாட்டாள். தேதி தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். ஆனால் திட்டு வாங்கும்போது ஒரு நாளும் இதைச் சமாதானமாகச் சொன்னதில்லை. அவ்வளவு வீம்பு.

அவள் கணவர் ஜகபர் அலி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளைச் செஞ்சிக்குக் கொண்டு வருவது அவர் வேலை. பேச்சு அவருக்கு வராது. பானு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் குடும்பத்தில் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. மகன் தௌசீஃப் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மகள் அப்ஸானா பி.எட். படித்துக்கொண்டிருந்தபோதுதான் பானுவின் மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள்.

அது நாலு வருடத்துக்கு முந்தைய கதை. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து. முதல் நாலு தடவையும் ஏறியது சிவப்பாக இருக்கும். ரோஸ்மில்க் சிவப்பு இல்லை, அதைவிட ஆழம். வார்டில் எல்லாரும் அதை "சிவப்பு மருந்து" என்றுதான் சொன்னார்கள். ஏற்றிய மறுநாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுவது எல்லாம் அதன் கூடவே வந்தன. முடி போனது கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாது. "முக்காடு இருக்கறது எவ்ளோ சவுகரியம் பாத்தியா" என்று அப்ஸானாவிடம் சொல்லிச் சிரித்தாள். அப்ஸானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பானு அன்று மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் குளியலறையில் அழுததும் அப்ஸானாவுக்குத் தெரியும்.

ஆனால் பிழைத்துவிட்டாள். வேறு ஊசிகள், கரண்ட் வைப்பது என்று வார்டில் சொல்லும் கதிர்வீச்சு என்று ஒரு வருடம் இழுத்தடித்து, எல்லாம் முடிந்து, கடையைத் திறந்தாள். அடுத்த வருடமே அப்ஸானாவுக்குக் கல்யாணம். மகளின் கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைத்தாள். அதையும் முதல் நாள் சாயங்காலம்தான் முடித்தாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடம் தை மாதத்தில் அவள் கைகளில் நீலம் நீலமாகத் தடம் விழ ஆரம்பித்தது. மேசை முனையில் இடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். தொடையிலும் வந்தது. தொடை எந்த மேசையில் இடித்தது என்று யோசிக்க நேரமில்லை, கல்யாண சீசன். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் மதியம் வரை நிற்கவில்லை. ஜகபர் அலி மூட்டை ஏற்றப் போகாமல் அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். காகிதத்தைப் பார்த்த செஞ்சி டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னைக்கே பாண்டி போயிடுங்க. பஸ்ல வேணாம், ஆட்டம் இல்லாம கார்ல போங்க" என்றார்.

பாண்டியில் அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. ரத்த நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஜெயஸ்ரீக்கு வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பானுவின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்தார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. அதற்கு ஒரு பை ஏற்றச் சொல்லிவிட்டு, சின்னக் கோப்பையில் மாத்திரைகளைக் கொண்டு வந்து பானுவின் உள்ளங்கையில் கொட்டினார்.

"இது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ம்மா. நாளைக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்தா உறுதியாகும். ஆனா அது வரைக்கும் காத்திருக்க முடியாது. இத இப்பவே ஆரம்பிக்கணும்."

பானு மாத்திரையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஏத்துனீங்களே, சிவப்பு மருந்து. அதனாலயா இது வந்துச்சு?"

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தௌசீஃப் டாக்டரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். சென்னையிலிருந்து ஓடி வந்தவன், சற்று முன்புதான் வராண்டாவில் டாக்டரைப் பிடித்து, அம்மாவிடம் காரணம் எதையும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியிருந்தான். டாக்டர் ஜெயஸ்ரீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்றேம்மா. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ. இருக்குது. மெல்லிசான நூல்னு வச்சுக்கங்க. ஒரே நூலா இல்ல, நாப்பத்தாறு துண்டா இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். செல் ரெண்டா பிரியறப்ப இந்த நூல் முறுக்கிக்கும், சிக்கிக்கும். சிக்கெடுக்கறதுக்குன்னே ஒரு என்சைம் இருக்குது. அது நூல வெட்டும், சிக்க எடுத்து விடும், வெட்டுன இடத்த அதுவே ஒட்டிடும். நாள் பூரா நடக்கற வேலை."

"நல்ல வேலைக்காரி" என்றாள் பானு.

"ரொம்ப நல்ல வேலைக்காரி. சிவப்பு மருந்து என்ன பண்ணும்னா, வெட்டுனதுக்கு அப்பறம் ஒட்ட விடாம அந்த என்சைம புடிச்சு நிறுத்திடும். புற்றுநோய் செல்லு வேகமா பெருகுது இல்லியா, அதுல நிறைய வெட்டு விழுந்து, ஒட்ட முடியாம செத்துப்போகும். ஆபரேஷன்ல எடுத்தது போக மிச்சம் மீதி உங்க உடம்புல இருந்தது எல்லாம் அப்படித் தான் போச்சு. ஆனா எது நல்ல செல், எது கெட்ட செல்லுன்னு மருந்துக்கு தெரியாது. ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜைல ஏதோ ஒரு நல்ல செல்லுல, பதினஞ்சாம் நம்பர் குரோமோசோமும் பதினேழாம் நம்பரும் ஒரே நேரத்துல வெட்டுப்பட்டு நின்னுருக்குது. வெட்டுப்பட்ட முனைய எங்க பாத்தாலும் உடம்பு ஒட்டப் பாக்கும். ஒட்டிருக்குது. ஆனா இதோட முனைய அதுலயும், அதோட முனைய இதுலயும்."

பானு மற்ற கையால் போர்வையின் ஓரத் தையலைத் தடவினாள். பிறகு, "ஒருத்தரோட கைய இன்னொருத்தர் ஜாக்கெட்ல வச்சி தைச்சா மாதிரி" என்றாள்.

"அதே தாம்மா."

"தையல் நல்லா தான் விழுந்திருக்கும். பிசிறு இருக்காது. பாக்கறவங்களுக்கு தப்பே தெரியாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் எந்த நோயாளியும் தான் சொல்வதற்கு முன்பே இதைப் புரிந்துகொண்டதில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. "ஆமாம்மா. பிசிறு இருந்தா உடம்பே கண்டுபுடிச்சு அந்த செல்ல அழிச்சிருக்கும். சுத்தமா ஒட்டிக்கிட்டதால தப்பிச்சுக்கிச்சு. ஒட்டுன இடத்துல ஒரு தப்பான கட்டளை உருவாகிடுச்சு. அதனால அந்த செல் முத்தாம, உருப்படியான ரத்த அணுவா ஆகாம, பிஞ்சாவே நின்னு பெருகிட்டே போகுது."

"அப்போ உங்க மருந்து தான் இத பண்ணுச்சு."

"பெரும்பாலும் அப்படித் தான். ஆயிரம் பேருக்கு அந்த மருந்து குடுத்தா மூணு நாலு பேருக்கு ரத்தத்துல இப்படி ஏதாவது வரும். உங்களுக்கு வந்துருக்குது. நாங்க குடுத்த மருந்து தாம்மா."

தௌசீஃப் சட்டென்று வெளியே போய்விட்டான். பானு மாத்திரைகளை அப்படியே கைக்குள் மூடிக்கொண்டாள். "எனக்கு வேணாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணுக்கு மருந்து குடுத்து இன்னொண்ண குடுத்தீங்க. இதுக்கு மருந்து தின்னா அடுத்து எது வரும்? போதும்."

டாக்டரும் குரலை உயர்த்தவில்லை. இந்த நோயில் முதல் சில நாட்கள்தான் ஆபத்து என்றார். ரத்தம் உறையும் சக்தி இல்லாததால் மூளையில் கசிந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும், அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் நூறு பேரில் எண்பது, தொண்ணூறு பேர் முழுசாகக் குணமாகிவிடுவார்கள் என்றும் சொன்னார். மேலே தொங்கிய தட்டணுப் பையைக் காட்டி, "இது ஏறி முடியறப்ப நான் திரும்ப வர்றேன். அதுக்குள்ள யோசிங்கம்மா. ரொம்ப நேரம் குடுக்க முடியல, மன்னிச்சுக்கங்க" என்று எழுந்து போனார்.

வராண்டாவில் தௌசீஃப் டாக்டரிடம், "சொல்லாதீங்கன்னு எவ்ளோ தடவ சொன்னேன் மேடம்" என்று கத்துவதும், "அவங்க கேட்டாங்க, சொன்னேன்" என்று டாக்டர் பதில் சொல்வதும் கட்டில் வரை கேட்டது.

ஜகபர் அலி கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க். பையில் இருந்த மஞ்சள் திரவம் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டிருந்தது. அவர் அதையும் பானுவின் மூடிய கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தௌசீஃப் வேற ஆஸ்பத்திரிக்கு போலாம்னு சொல்றான்" என்றார் கடைசியில்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். திரும்ப இறுக்கினார். "எனக்கு நீ வேணும் பானு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு வார்த்தையை அந்த மனிதர் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். பானு அவரையே பார்த்தாள். இருந்தும் கையைத் திறக்கவில்லை. பாசத்துக்காக மாத்திரை விழுங்குகிற ஆள் இல்லை அவள். அவளுக்கு வேறு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. ஒரு தடவை தப்பாகப் போன கையில் திரும்பவும் எதை நம்பித் தன்னைக் கொடுப்பது?

அப்போதுதான் அவளுக்கு ஆண்டாள் டீச்சர் ஞாபகம் வந்தது.

ஆறேழு வருடத்துக்கு முன்னால், ரம்ஜானும் வைகாசி முகூர்த்தமும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடித்த சமயம். ஆண்டாள் டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்கு, தனக்கும் தன் தங்கைக்கும் இரண்டு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே இலைப்பச்சை. ஒன்றில் மாங்காய் பார்டர், இன்னொன்றில் கோபுர பார்டர். அவசரத்தில் பானு தன் வழக்கத்தை உடைத்தாள். இரண்டு துணியையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டு ஒரே வெட்டாக வெட்டினாள். பாதியில் கரண்ட் போனது. இருட்டில் துண்டுகளைக் குத்துமதிப்பாகப் பிரித்து வைத்தாள். தைத்து, ஊக்கு வைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்த பிறகுதான் பார்த்தாள். மாங்காய்க் கை கோபுர ஜாக்கெட்டிலும், கோபுரக் கை மாங்காய் ஜாக்கெட்டிலும் ஏறியிருந்தன.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டுமே கச்சிதமாகத்தான் இருந்தன. கல்யாண வீட்டு அமளியில் யார் பார்டரை உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? பானு இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தே போனாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னாள். "டீச்சர், நான் தான் மாத்தி வெட்டிட்டேன். பிரிச்சி தைச்சி தர்றேன். ஆனா பட்டுல ஊசி ஓட்டை தெரியும்."

டீச்சர் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. மாப்பிள்ளை வீட்டார்கூட வந்து சமாதானம் செய்தார்கள். பானு பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். ஓட்டை தெரியத்தான் செய்தது. இனி அந்த வீட்டுத் துணி தன் கடைக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டாவது மாதம் ஆண்டாள் டீச்சர் புதுத் துணியோடு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் வெட்டு" என்று சொல்லிவிட்டு, துணியை மேசையில் வைத்துப் போய்விட்டார். ஏன் திரும்ப வந்தார் என்று பானு கேட்டதில்லை. ஊரில் எத்தனையோ டெய்லர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டை விழுந்த ஜாக்கெட்டுக்குப் பிறகும் டீச்சர் ஏன் தன்னிடமே வருகிறார் என்பது அவளுக்குப் புரியாமலே இருந்தது.

இப்போது, கையில் மாத்திரையோடு படுத்திருக்கும்போது புரிந்தது. தப்பை மறைக்கத் தெரியாத கையில்தான் திரும்பவும் துணியைக் கொடுக்கலாம். அந்த டாக்டர் பெண் 'நாங்க' என்று சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சிவப்பு மருந்து ஏற்றியபோது அவள் இந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கமாட்டாள். ஏற்றியது யாரோ. தௌசீஃப் கண்ணைக் காட்டியும், பேசாமல் போக வழி இருந்தும், 'நாங்க குடுத்த மருந்து' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. "ஏங்க, அந்த டாக்டரம்மாவ கூப்புடுங்க" என்றாள் பானு. ஜகபர் அலி பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"இதுவும் வெட்டுமா?" என்று கேட்டாள், கையைத் திறந்து காட்டி.

"வெட்டாதும்மா. இது வைட்டமின் ஏ குடும்பத்துல ஒரு மருந்து. பிஞ்சாவே நிக்கற செல்ல முத்த வைக்கும். முத்துனா அது தன் ஆயுசு முடிஞ்சு தானா போயிடும். நாளைக்கு ரிசல்ட் வந்ததும் கூட ஒரு டிரிப்ஸ் ஆரம்பிப்போம். அது ஆர்சனிக். அந்த தப்பான ஒட்டுல இருந்து வர்ற பொருள அழிக்கும். இதுலயும் தொல்லை இருக்குது. மூச்சு வாங்கலாம், காய்ச்சல் வரலாம், தலை வலிக்கும். இதயத்த அடிக்கடி பரிசோதிக்கணும். எது வந்தாலும் உங்க கிட்ட சொல்லுவேன்."

"ஆர்சனிக்னா?"

டாக்டர் ஒரு நொடி தயங்கினார். "பாஷாணம் தாம்மா. அளவா."

பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈறில் மறுபடி ரத்தம் கசிந்தது, துடைத்துக்கொண்டாள். "எந்த மாமியாளும் மருமவளுக்கு இப்டி சொல்லிட்டு பாஷாணம் குடுத்ததில்ல. தண்ணி குடுங்க" என்றாள். ஜகபர் அலி அவசரத்தில் பாதித் தண்ணீரைப் போர்வையில் கொட்டினார். மிச்சம் இருந்ததில் விழுங்கினாள்.

முப்பத்தெட்டு நாள் அந்தக் கட்டில். இரண்டாவது வாரத்தில் டாக்டர் சொன்ன எல்லாத் தொல்லையும் சொன்ன வரிசையிலேயே வந்தன. மூச்சுத் திணறி, முகத்தில் ஆக்சிஜன் வைத்து, நாலு நாள் யாரோடும் பேச முடியவில்லை. பானு பேசாத நாலு நாளை ஜகபர் அலி எப்படிக் கழித்தார் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் நாள் ஆக்சிஜனைக் கழற்றியதும் அவள் முதலில் கேட்டது, கடை அலமாரியில் இருக்கும் துணிகளைப் பற்றி.

அப்ஸானா ஏற்கெனவே கடையைத் திறந்து, சீட்டில் இருந்த பெயர்களுக்கெல்லாம் போன் போட்டு, துணியை வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தாள். முப்பத்தோரு மூட்டையில் ஒன்றுகூடப் போகவில்லை. "அவ வந்து தைக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று ஆளாளுக்குச் சொன்னார்களாம். அதில் மூன்று பேருக்கு அடுத்த வாரமே கல்யாணம். இதைக் கேட்டபோது பானு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "பொய் சொல்றாளுங்க. மூணு நாள் முன்னாடி தேதி சொல்ற ஜாதி" என்றாள்.

அப்புறம் மாதக்கணக்கில், வாரத்துக்கு ஐந்து நாள் டிரிப்ஸுக்குப் பாண்டி போவதும் வருவதுமாக இருந்தது. திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் அவள் சொந்தக்காரியாகிவிட்டாள். ஐப்பசியில் எடுத்த சோதனையில் அந்த மாற்றி ஒட்டிய குரோமோசோமின் அடையாளம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. டாக்டர் ஜெயஸ்ரீ காகிதத்தைக் கொடுத்தபோது, பானு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். இன்னும் சில வருடம் சோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வருவேன் என்றாள்.

கடை திறந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மீனம்பாள் வந்தாள். தாலுகா ஆபீசில் வேலை, வயது நாற்பது, பத்து வருடமாக பானுவிடம்தான் தைக்கிறாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளே தவிர, பிரிக்கவில்லை.

"தைக்க குடுக்க வந்தியா, இல்ல பைய காட்ட வந்தியா?" என்றாள் பானு.

மீனம்பாள் சிரிக்கவில்லை. "எனக்கும் கட்டி பாயம்மா. மாருல. ஆபரேஷன் ஆயிடுச்சு, லீவுல இருந்தேன்ல, அதான். போன வாரமே சிவப்பு மருந்து ஆரம்பிக்கணும்னாங்க. நான் போகல, வர்ற திங்கக்கிழமையாவது வரச் சொல்லிருக்காங்க. உங்களுக்கு அதனால தான் ரத்தப் புத்து வந்துச்சுன்னு ஊரே சொல்லுது. உங்க வாயால கேட்டுனு போலாம்னு வந்தேன். நீங்க வேணாம்னா நான் போட்டுக்க மாட்டேன்."

மேசையில் ஒரு துணி பாதி வெட்டிக் கிடந்தது. பானு கத்திரியைக் கீழே வைத்தாள். 'அதெல்லாம் ஊர்ல சும்மா சொல்றாங்க, நீ போய் போட்டுக்கோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நல்ல மனசோடு சொல்கிற பொய்தான். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அந்தப் பொய்யைத் தௌசீஃப் அன்று கெஞ்சிக் கேட்டதும், டாக்டர் ஜெயஸ்ரீ தரமாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் கண் முன்னால் வந்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து போய்விடலாம். போனால் செத்துவிடலாம்.

"ஊர் சொல்றது நெசம் தான். அந்த மருந்தால தான் வந்துச்சு" என்றாள்.

மீனம்பாளின் கை பையை இறுக்கியது.

"ஆயிரம் பேர்ல மூணு நாலு பேருக்கு வருமாம். அதுல நான் ஒருத்தி. செத்துப் பொழச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மருந்து போட்டுக்காம இருந்திருந்தா மொத வியாதிலயே போயிருப்பேன். அப்ஸானா கல்யாணத்த பாத்திருக்க மாட்டேன். போன மாசம் அவளுக்கு புள்ள பொறந்துச்சு, இந்த மடில தான் கிடந்துச்சு. ரெண்டையும் சொல்லிட்டேன். நான் உன் எடத்துல இருந்தா, மறுபடியும் போட்டுக்குவேன்."

மீனம்பாள் பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். "திங்கக்கிழமை கூட வர்றதுக்கு எனக்கு யாரும் இல்ல பாயம்மா" என்றாள்.

திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. அன்று ஜாக்கெட் வாங்க வந்தவர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அவர்கள் சொன்னதும் எழுதும்படியாக இல்லை. ஆறு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் பாண்டி போய்ச் சேர்ந்தார்கள். அந்த வார்டின் வாசலில் நுழைந்ததும் பினாயில் வாசனை பானுவின் முகத்தில் அடித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

நர்ஸ் சிவப்பு மருந்தைத் தட்டில் எடுத்து வந்தார். மீனம்பாள் அதைப் பார்க்கவில்லை. பானுவின் முகத்தைத்தான் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, "உங்களுக்கு பயமா இருக்குதா பாயம்மா?" என்று கேட்டாள்.

"இருக்குது. ரொம்ப பயமா இருக்குது" என்றாள் பானு. "நான் இங்கயே தான் இருப்பேன். கைய நீட்டு."

மீனம்பாள் கையை நீட்டினாள்.